ஒட்டப் பிழிந்த ஊறுகாய்

அக்காவின் வலது கையில் கட்டு. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டதாம். யார் சாத்திய கதவு என்று நான் கேட்கவில்லை, அத்தானைத் தவிர அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? பத்து வருஷமாக பார் சமையலறையில் குப்பை கொட்டுகிறவன் நான். கோபம் வந்தால் எனக்குக் கண் மண் தெரியாது.

"நாலு மணிக்கு அவரோட ஃப்ரெண்ட்ஸ் மேட்ச் பாக்க வராங்கடா. போன தடவை சிப்ஸுக்குத் தொட்டுக்கற டிப் தண்ணியா போயிடுச்சு. அதான் உன்னைக் கூப்பிட்டேன்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் என்ன பண்ணாலும் நீ கை நீட்டக் கூடாது. நீ அடிச்சிட்டுப் போயிடுவ. நான்ல இங்க இருக்கணும்?"

சத்தியம் செய்து கொடுத்தேன்.

வினிகரில் ஊறிய வெள்ளரி ஊறுகாயைப் பொடியாக நறுக்கி, துணியில் கட்டி முறுக்கினேன். இதில் சோம்பல் பட்டால் வினிகர் தண்ணீர் இறங்கி டிப் நீர்த்துவிடும். முறுக்கும்போது அத்தானின் கழுத்து ஞாபகத்துக்கு வந்தது. அதற்கப்புறம் ஒரு சொட்டுகூடத் துணியில் மிச்சமில்லை. க்ரீம் சீஸைக் குழைத்து, கெட்டித் தயிர், வெங்காயம், மிளகுத்தூள், ஊறுகாய் எல்லாம் கலந்து, கண்ணாடிக் கிண்ணத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்தேன். இரண்டு மணி நேரம் குளிர்ந்தால்தான் கெட்டிப்படும்.

அத்தானுக்கு அரை மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. சிப்ஸ் பொட்டலத்தோடு வந்து, கிண்ணத்தை வெளியே எடுத்து ஒரு வாய் தொட்டுப் பார்த்தார்.

"என்ன இது, கொழகொழன்னு சளி மாதிரி? வர்றவங்களுக்கு இதையா வைக்கப் போற?"

"இன்னும் செட் ஆகலைங்க," என்றாள் அக்கா.

எதிர்த்துப் பேசிவிட்டாளாம். கட்டுப்போட்ட கையைப் பிடித்து முறுக்கினார். அவள் முட்டி மடங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது. அந்தக் கிண்ணத்தாலேயே அவர் காதோரம் ஓங்கி ஒன்று போட்டேன். கண்ணாடி சிதறியது. விழுந்தவரின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினேன். மூக்கு உடைந்தது கைக்கே தெரிந்தது. தரையெல்லாம் டிப்பும் ரத்தமும். "விட்டுடுடா" என்று கெஞ்சினார். விடவில்லை. எதற்கு மறைக்க வேண்டும், ஒவ்வொரு குத்தும் எனக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. யாரோ பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பார்க்காமலே முழங்கையை வீசினேன். இழுப்பு நின்றது.

அத்தான் முனகிக்கொண்டு கிடந்தார். கை ஓய்ந்த பிறகுதான் திரும்பினேன். அக்கா சுவரோரம் விழுந்திருந்தாள். உதடு கிழிந்து, பல்லெல்லாம் ரத்தம்.

"ஐயோ அக்கா," என்று தூக்கிவிடப் போனேன்.

அவள் கட்டுப்போட்ட கையையும் சேர்த்துத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

"இனிமே குறுக்க வர மாட்டேங்க. அடிக்காதீங்க," என்றாள், என்னிடம்.