மருதாணியில் வெள்ளைக் கோப்பி

காலை பத்து நாற்பது. புஷ்பலதா குளிர்சாதனப் பெட்டியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“மருதாணி நல்லா ஊறிருச்சு. கோப்பித்தூள் சேர்த்தா நெறம் தூக்கும்னு முத்தம்மாக்கா சொன்னாங்க. வீட்டுல தூள் தீந்துபோச்சு. பரவால்ல. இல்லாட்டி என்னா.”

பெட்டியைச் சாத்திவிட்டுக் குளியலறைக்குப் போனாள்.

விக்னேஸ்வரன் மேசையில் உட்கார்ந்து ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டிருந்தான். செய்தி தனக்குத்தான் என்று அவனுக்குத் தெரியும். கணவனும் மனைவியும் நேராகப் பேசிப் பதினோரு நாள் ஆகிறது. சுவரிடம் பேசலாம். சாமானிடம் பேசலாம். ஆளிடம் பேசினால் தோல்வி. யாரும் சொல்லி வைத்த சட்டம் இல்லை. ஆனால் இருவரும் மீறவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஈப்போவில் ஒரு சாப்பாட்டுக் கடை. குடிக்க என்ன வேண்டும் என்று கேட்க வந்த ஆள் புஷ்பலதாவின் நரைத்த தலையைப் பார்த்தான். ஒரு நரைகூட இல்லாத விக்னேஸ்வரனின் தலையைப் பார்த்தான். “மாக் நாக் மினும் ஆப்பா?” என்று அவனிடம் கேட்டான். அம்மாவுக்கு என்ன குடிக்க?

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவனுக்கு ஐம்பத்தைந்து.

இது என் மனைவி என்று சொல்லியிருக்கலாம். “அம்மாவுக்குத் தே ஓ, சீனி கொறைச்சு” என்று பாலில்லாத தேநீரை அவன் மலாயில் சொன்னான். அதோடு நிற்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட்டான். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் முப்பத்தொன்று வந்தன.

காடியில் ஏறிக் கார்க் கதவைச் சாத்தியதும் அவள் கடைசியாகச் சொன்னது இது: “எம் மூஞ்சியப் பார்த்து, செஞ்சது தப்புன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் நான் பேசமாட்டேன்.”

அவன் வானொலியைப் போட்டான்.

இருபத்தெட்டு வருடத்தில் அவன் தப்பு என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. “சரி விடுலா” என்பான். இந்த முறை விடுலா செல்லவில்லை. முதல் இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது அவனுக்குப் பிடித்தது. மூன்றாம் நாள், லகாட் ஊர்க் கல்குவாரியில் கல் ஏற்றிக்கொண்டு வரும்போது, லாரிக்குள் தனியாகப் பேசிப் பார்த்தான். ஆறாம் நாள் கைப்பேசியில் அவள் குரல் பதிவு ஒன்றைத் தேடி எடுத்தான். வெங்காயம் ஒரு கிலோ, சின்னதாகப் பார்த்து, அழுகல் இல்லாமல். மூன்று முறை கேட்டான்.

பத்து காஜா என்ற ஊரில் இன்று மாலை கல்யாண விருந்து. பக்கத்து வீட்டு முத்தம்மாவின் அண்ணன் மகளுக்கு. மாப்பிள்ளை இவர்கள் சொந்தம். குழுவில் சிரித்த முப்பத்தொரு பேரில் பாதிப் பேராவது அங்கே இருப்பார்கள். புஷ்பலதா தலைக்கு எதுவும் பூசி ஆறு வருடம் ஆகிறது. கடைச் சாயம் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. பூசினால் நெற்றி தடித்துப்போகும். அதனால்தான் மருதாணி. முத்தம்மா இருந்தால் பூசிவிடுவாள். அவள் நேற்றே கல்யாண வீட்டுக்குப் போய்விட்டாள்.

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. விக்னேஸ்வரன் எழுந்தான்.

அலமாரியில் கோப்பித்தூள் டின் காலி. பக்கத்தில் வெள்ளைக் கோப்பி பாக்கெட்டுகள் நான்கு கிடந்தன. கோப்பி, பால்மாவு, சீனி, மூன்றும் ஒன்றாய்க் கலந்தது. சுடுநீர் ஊற்றினால் போதும். கோப்பி கோப்பிதானே என்று நினைத்தான். நான்கையும் கிழித்து, மருதாணி ஊறிய இரும்புச் சட்டியில் கொட்டிக் கலக்கினான். வெறும் பாக்கெட்டுகளைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு மறுபடி ரொட்டியின் முன் உட்கார்ந்தான். வாயைத் திறக்காமலே ஏதோ சொல்லிவிட்டதுபோல் இருந்தது. ரொட்டி ருசித்தது.

புஷ்பலதா பழைய நைட்டியில் வந்தாள். வீட்டின் பின்புறம் சிமெண்டுத் தரையில் நாளிதழ் விரித்தாள். நெற்றியிலும் காதிலும் தேங்காய் எண்ணெய் தடவினாள். அவள் வேலை செய்வது கையுறைத் தொழிற்சாலையில். தரச் சோதனையில் கழிந்த கையுறைகள் வீட்டில் எப்போதும் ஒரு பெட்டி இருக்கும். ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு சட்டியின்மேல் குனிந்தாள்.

“சட்டி, கோப்பி வாசம் வருதே. யாரு போட்டது? நல்ல மனசுக்காரங்க போல.”

விக்னேஸ்வரன் பின்வாசலில் நின்று கூரையைப் பார்த்தான்.

முன்பக்கமும் இரு பக்கமும் கால் மணி நேரத்தில் முடிந்தன. பின்மண்டைதான் வம்பு செய்தது. ஒரு கண்ணாடியைச் சுவரில் மாட்டி, இன்னொன்றைக் கையில் பிடித்துப் பார்த்தாள். வலது கை இடது பக்கம் போனது. மருதாணி தோளில் விழுந்தது. சுவரில் விழுந்தது. கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடியைக் கீழே வைத்தாள். பிறகு குட்டை முக்காலியை இழுத்துப்போட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புதிய கையுறை ஜோடி ஒன்றைத் தோளுக்குமேல் தூக்கிப் பிடித்தாள்.

“பின்னால கை எட்டல,” என்று சுவரிடம் சொன்னாள்.

கையுறை காற்றில் ஆடியது. அவன் அதையும் சட்டியில் கிடந்த பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டான். அவன் கைக்குக் கையுறை சிறியது. மாட்டும்போதே கட்டைவிரல் பக்கம் கிழிந்தது.

“சொவரே, வகிடு எடுத்து வேர்லேருந்து பூசணும். ஒனக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி இல்ல.”

“பிரஷ்சு,” என்றான் அவன், கையில் இருந்ததைப் பார்த்து. “ஒன் வேலைய மட்டும் பாரு. ஆடாத மண்டைக்குப் பூசுறது ஈசி. இது பேசிக்கிட்டே ஆடுது.”

“சொவரே, கல்லு லாரி மாதிரி அமுக்குறாங்க.”

“பிரஷ்சு, கல்லு லாரிதான் சோறு போடுது.”

அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. சிரிப்பை விழுங்குகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. வகிடு வகிடாக எடுத்துப் பூசினான். பிடரியில் ஒரு சிறிய மச்சம் இருந்தது. அதைச் சுற்றிக் கவனமாகப் பூசினான். இருபத்தெட்டு வருடத்தில் அவள் பின்மண்டையை இவ்வளவு நேரம் பார்த்தது இல்லை. முடித்ததும் பேரங்காடியின் சிவப்புப் பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்து முடிச்சுப் போட்டான்.

“ரெண்டு மணி நேரம்,” என்று அவள் சுவரிடம் அறிவித்தாள். பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு சாய்த்துப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சுவருக்கு அப்பால் சாக்கடை. சாக்கடைக்கு அப்பால் செம்பனைத் தோட்டம். முன்பு கித்தா என்னும் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். மரம் மாறியது. எறும்புகள் மாறவில்லை.

அரை மணி நேரத்தில் வந்தன. விக்னேஸ்வரன் நாளிதழைச் சுருட்டிக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தான். சித்தெறும்புகள். சுவரின் மேலிருந்து கயிறுபோல் ஒரு வரிசை இறங்கி, நாற்காலி முதுகைத் தொட்டு, அங்கே கூடி ஆலோசித்துக்கொண்டிருந்தது. பைக்குள்ளிருந்து வழிந்த பழுப்பு நிறச் சாறு ஒரு கோடாக அவள் கழுத்தில் இறங்கியிருந்தது.

கால்சட்டைப் பைக்குள் இருந்த பாக்கெட்டுகள் தொடையில் உறுத்தின. அவனுக்கு எல்லாம் புரிந்தது.

“கொடி,” என்றான் துணி காயும் கம்பியிடம். “சொவத்துல எறும்பு வருதுலா.”

அவள் கண் திறக்கவில்லை. “கொடி, சில ஆளுங்க நம்மளப் பேச வைக்க என்ன வேணாலும் சொல்லுவாங்க. நம்பாத.”

“வாளி, நான் பொய் சொல்லல. நெசமாவே எறும்பு,” என்றான் குழாயடி வாளியிடம்.

“வாளி, மருதாணி கசக்கும். அதுக்கு எறும்பு வராது. முத்தம்மாக்கா எத்தன வருசமா பூசுறாங்க. ஒரு எறும்பு வந்திருக்கா?”

அது உண்மைதான். முதல் எறும்பு நாற்காலியிலிருந்து நைட்டிக் கழுத்துக்கு ஏறியது.

“வாளி,” என்றான். “அதுல சீனி இருக்கு.”

ஒரு கண் திறந்தது. “வாளி, எதுல?”

“கோப்பியில.”

“கோப்பித்தூள்ல சீனி ஏது, வாளி?”

அவன் பையில் கைவிட்டு ஒரு பாக்கெட்டை எடுத்து வாளிக்குக் காட்டினான். இரண்டாவதைக் காட்டினான். மூன்றாவதைக் காட்டினான். நான்காவதைக் காட்டும்போது அவள் இரண்டு கண்ணையும் திறந்து வாளிக்கு முன்பாகவே படித்துவிட்டாள்.

அப்போது கடித்தது.

“ஐயோ! ஏங்க! ஏங்க, எடுங்க!”

நாற்காலி உருண்டது. அவள் கொடிக்கம்பிக்கு அடியில் குனிந்து ஓடினாள். சிவப்புப் பை கம்பியில் சிக்கி அங்கேயே நின்றுவிட்டது. அவன் குழாயைத் திறந்துகொண்டு பின்னால் ஓடினான். ரப்பர் குழாய் பாதி தூரத்தோடு நின்றது. “இங்கிட்டு வா” என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. குழாயை உயரப் பிடித்துத் தண்ணீரை வளைத்து அடித்தான். முதல் அடி அவள் முகத்தில். இரண்டாவது காயப்போட்டிருந்த அவன் வேலைச் சட்டையில். மூன்றாவதுதான் தலையில் விழுந்தது. அவளே ஓடிவந்து குழாயடியில் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு விரலால் அலசினான். பழுப்பு நீர் சாக்கடைக்கு ஓடியது. எறும்புகளும் ஓடின. கட்டைவிரல் நன்றாகச் சிவந்திருந்தது.

“கொழாயே,” என்றான் மூச்சு வாங்க. “ஏங்கன்னு கூப்பிட்டது யாரு?”

குனிந்த தலைக்குள்ளிருந்து பதில் வந்தது. “கொழாயே, நான் எறும்பக் கூப்பிட்டேன்.”

“எறும்ப யாராச்சும் ‘ங்க’ போட்டுக் கூப்பிடுவாங்களா?”

“முன்னப்பின்ன தெரியாத எறும்பு. மரியாத குடுக்கணும்.”

அவன் ஈரச் சிமெண்டில் அப்படியே உட்கார்ந்து சிரித்தான். சத்தமே வராத சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டான். குழாய் அவன் கையிலிருந்து நழுவித் தானாக ஆடி இருவரையும் நனைத்தது. அவள் முடிக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குத் திடீரென்று விக்கல் வந்தது. விக்கலுக்கும் சேர்த்துச் சிரித்தார்கள். பக்கத்துச் சந்தில் போன மோட்டார்சைக்கிள் ஒன்று மெதுவாகிப் பார்த்துவிட்டுப் போனது.

தண்ணீரை நிறுத்தினான். அவள் துண்டால் துடைத்துக்கொண்டு சுவர்க் கண்ணாடியில் பார்த்தாள்.

இரண்டு மணி நேரம் இருக்கவேண்டிய மருதாணி அரை மணி நேரம்தான் இருந்தது. கறுப்பு முடி கறுப்பாகவே இருந்தது. வெள்ளை முடி எல்லாம் பழுத்த பப்பாளி நிறம். கோடு கோடாக.

“கண்ணாடி,” என்றாள். “புலியாட்டம் இருக்குல்ல?”

இன்னொரு முறை சிரிக்கப்போனாள். வாய் திறந்தது. சிரிப்பு வரவில்லை. துண்டைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“இதோட எப்படிப் போறது. எல்லாரும் வருவாங்க. இதயும் போட்டோ புடிச்சுக் குரூப்புல போடுவாங்க.”

இதை அவள் கண்ணாடியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

விக்னேஸ்வரன் எழுந்தான். கண்ணாடியைப் பார்த்து ஏதோ சொல்ல ஆரம்பித்தான். நிறுத்தினான். கண்ணாடியை ஆணியிலிருந்து கழற்றி, முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்தான். இப்போது அவர்கள் இருவருக்கும் இடையில் எந்தச் சாமானும் இல்லை. வாளி மட்டும் கொஞ்சம் பக்கத்தில் இருந்தது. அதைக் காலால் தள்ளிவிட்டான்.

“லதா.”

பதினோரு நாளாக அந்தப் பெயர் வாயில் வரவில்லை.

அவள் நிமிர்ந்தாள். துண்டுக்குள்ளிருந்து பப்பாளி நிற முடி ஒன்று நெற்றியில் ஒட்டியிருந்தது. கண்ணில் இன்னும் சிரித்த ஈரம்.

அவன் கழுத்தில் ஒரு எறும்பு ஏறியது. கடித்தது. அவன் தட்டிவிடவில்லை. அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அன்னிக்குக் கடையில நான் செஞ்சது தப்பு. குரூப்புல போட்டது அதவிடத் தப்பு.”

புஷ்பலதாவின் உதடு ஒரு பக்கமாக இழுத்தது. பிறகு தலையைச் சாய்த்து, உள்ளங்கையால் காதை இரண்டு தட்டுத் தட்டினாள்.

“காதுல தண்ணி. இன்னொரு தடவ சொல்லுங்க.”