நாகல் நகர் வீட்டுப் போர்வை மூட்டை

1

இந்தக் கதை ஒரு பொய்யான கட்டுரையிலிருந்து பிறந்தது. கட்டுரையை எழுதியவள் நான்தான். 1999இல் ஒரு வார இதழின் மகளிர் பக்கத்துக்கு, 'குறைந்த வேலை, நேர்த்தியான வீடு' என்று ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு சின்ன வீடு, புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் வேலை, மூன்று பிள்ளைகள், ஆனாலும் கூடத்தில் ஒரு துரும்பு கிடையாது என்று புகழ்ந்திருந்தேன். அந்த வீட்டில் நான் மொத்தம் நாற்பது நிமிடம் இருந்திருப்பேன். அதை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் புத்தி சொன்னேன். நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

2

தொடங்கிப் பார்த்தவை:

'சகாயசெல்வி சுறுசுறுப்பானவள். விடிகாலை நான்கு மணிக்கே எழுந்து' 

இல்லை. அவள் சுறுசுறுப்பானவள் இல்லை, அலுத்துப்போனவள். நான்கு மணிக்கு எழுந்தது உண்மைதான். எழாவிட்டால் வேலை ஓடாது.

'வெங்காயச் சருகு பறந்தது.'

இது பரவாயில்லை. அவள் கணவர் அந்தோணிராஜ் வெங்காய மண்டியில் எடை போடுகிறவர். சட்டைப் பை, மடித்துக் கட்டிய கைலி, எதை உதறினாலும் சருகு கொட்டும். ஃபேன் போட்டால் வீடு முழுக்கச் சுற்றும். அவளோ நர்சரிப் பள்ளியில் எல்.கே.ஜி. பிள்ளைகளோடு தொண்டை வற்றக் கத்திவிட்டு வந்திருப்பாள். பெருக்குவாள். மறுபடி பறக்கும்.

(ஆசிரியப் பயிற்சியில் அவள் எனக்கு ஒரு வருடம் இளையவள். படித்து முடித்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, தவறாமல் புதுப்பித்து, அரசுப் பள்ளி வேலைக்கான அழைப்புக் கார்டுக்காகப் பதின்மூன்று வருடமாகக் காத்திருந்தாள். இதைக் கட்டுரையில் எழுதவில்லை. வீட்டுச் சுத்தத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன்.)

3

அவள் கண்டுபிடித்த வழி இது. யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் பழைய போர்வையை உருவிக் கூடத்தில் விரிப்பாள். மடிக்காத துணி, நோட்டு, சீப்பு, பாதி தைத்த ஜாக்கெட், செய்தித்தாள், எல்லாம் அதில் விழும். நாலு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சு. உள்ளறைக் கட்டிலுக்கு அடியில் ஒரு தள்ளு. ஐந்தே நிமிடம்தான். அவிழ்க்கத்தான் நேரம் கிடைக்காது. வேண்டிய சாமானை மட்டும் கைவிட்டுத் துழாவி எடுத்துக்கொள்வார்கள்.

அந்த மார்ச் மாதம் நான் சின்னாளபட்டிக்குச் சேலை எடுக்க வந்திருந்தேன். வந்ததுதான் வந்தோம், செல்வியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. பேருந்து நிலையத்து பூத்திலிருந்து அவள் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டு, "பத்து நிமிஷத்துல வாரேன்னு சொல்லுங்க" என்றேன். மற்றது பின்னால் அவள் சொல்லித் தெரிந்தது.

"அம்மா, டிவி மேல ஒரு..." என்றாள் மூத்த பெண் அன்புக்கரசி. அப்போது பன்னிரண்டு வயது.

"மொதல்ல எல்லாத்தையும் அள்ளுடி. அக்கா ஆட்டோவுல வந்துக்கிட்டு இருக்காங்க."

"இல்லம்மா, தபால்காரரு..."

"செத்த நேரம் வாய மூடிக்கிட்டு அள்ளுறியா?"

அள்ளினாள்.

(இங்கே 'சிறுமியின் முகம் வாடியது' என்று எழுதி அடித்துவிட்டேன். நான் பார்க்கவில்லை. நான் புதுச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன்.)

4

ஈஸ்டர் கழிந்ததும் பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வருவார். என்னைப் போலக் கூடத்தோடு காபி குடித்துவிட்டுப் போகிற ஆள் அல்ல அவர். அடுப்படி, உள்ளறை, கொல்லை என்று எல்லா இடத்திலும் நுழைந்து தீர்த்தம் தெளிப்பார். கட்டிலுக்கு அடியிலோ மூன்று மூட்டைகள். முந்தின நாள் மத்தியானம், வேறு வழியில்லாமல் சகாயசெல்வி அவற்றை இழுத்துப்போட்டு அவிழ்த்தாள்.

இரண்டாவது மூட்டையில், ஒற்றைக் காலுறைக்கும் சருகுக்கும் நடுவில், ஒரு பழுப்பு உறை.

அவள் உள்ளேயிருந்த அழைப்புக் கார்டை எடுத்துப் படித்தாள். நேர்முகத்துக்கு வரச் சொன்ன தேதி போய்ப் பதினேழு நாளாகியிருந்தது. இனி எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

(வேறு மாதிரியும் எழுதினேன். தேதி நாளைக்கு, அவள் ஓடிப்போய்ப் பேருந்து பிடிக்கிறாள், வேலை கிடைக்கிறது, எனக்கு மிட்டாய்ப் பெட்டி வருகிறது. எழுத நன்றாகத்தான் இருந்தது. அதைப் படித்தால் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். அதனாலேயே கிழித்துப் போட்டேன்.)

அவள் அழவில்லை. மூன்று மூட்டைத் துணியையும் மடித்து அடுக்கினாள். உறையைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் சாமியார், "வீடு கோயில் மாதிரி இருக்கேம்மா" என்று சொல்லிப் பீரோவின் மேலும் நாலு சொட்டுத் தெளித்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் என் கட்டுரை வெளிவந்தது.

5

டிசம்பரில் மறுபடி போனேன். இந்த முறை முதல் நாளே சொல்லிவிட்டுப் போனேன். கூடம் முழுக்கத் துணி கிடந்தது. நாற்காலியிலிருந்த நோட்டுகளைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, உட்காருங்கள் என்றாள். நான் கட்டுரையைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவள் பீரோவைத் திறந்து உறையைக் காட்டினாள். அதோடு என் கட்டுரையையும் கத்தரித்து வைத்திருந்தாள்.

"நான் அன்னைக்கு வராம இருந்திருந்தா..."

"ஒங்க மேல என்னக்கா இருக்கு? நானாத்தான அள்ளுனேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"சொன்னா, கார்ட ஏன் அம்மா கையில குடுக்கலன்னு பிள்ளயத்தான் வைவாரு. அது ரெண்டு தடவ சொல்ல வந்துச்சுக்கா. நாந்தான் வாய மூடுன்னேன்." உறையைத் திரும்பச் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "இப்ப மூட்ட கட்டுறதில்ல. வாரவுக பாத்துட்டுப் போகட்டும்."

6

அந்தோணிராஜ் வந்தார். வாசலில் கைலியை உதறினார். என்னைப் பார்த்து, "வாங்க, எப்ப வந்தீக?" என்றார். பிறகு மனைவியிடம், தினமும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"தபால்காரரு வந்தாரா செல்வி? கார்டு எதுவும் வந்துச்சா?"

சுவரோரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அன்புக்கரசி தலையைத் தூக்கினாள். அப்பாவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஒன்பது மாதமாகத் தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

சகாயசெல்வியும் அந்தப் பார்வையைக் கண்டுவிட்டாள். 'வரலை' என்ற சொல் அவள் வாய்வரை வந்து

இந்த இடத்தில் யாராவது ஒருவர் பேசியாக வேண்டும். மூன்று பேருக்கும் வசனம் எழுதிப் பார்த்தேன். எனக்கும் ஒன்று எழுதினேன், அதுதான் எல்லாவற்றிலும் மோசம். அன்றைக்கு நான் பேருந்துக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். என்ன நடந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை.

ஆகவே மிச்சத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். செல்விக்கு ஒரு பதில், அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல். எதை எழுதினாலும் சரி, டிவி மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். செல்வி கையில் கொடுங்கள்.