முதுகு பிளந்த சிள்வண்டு வீரன்

அன்றைய கூட்டத்துக்கு வந்தவர்கள் ஐந்து பேர். மண்ணெண்ணெய் அடுப்பின் சூடு முழுவதையும் தன் முழங்காலுக்கே வாங்கிக்கொண்டு தயாரிப்பாளர் அன்சாய். அவருக்கு வலப்பக்கம் கதாசிரியர் குசாகா. எதிரே நிரம்பி வழியும் சாம்பல் கிண்ணம். ஜன்னலோரம் படப்பிடிப்புக் குறிப்பெழுதும் முரோய் அம்மா, மடியில் ஏழு நோட்டுகளோடு. கதவருகே புதுமுகம் ஹயாமி. காலை எங்கே வைப்பதென்று தெரியாத உயரம். நாற்காலி தீர்ந்துபோனதால், போன மாதம் தொடரில் செத்த பல்லி அரக்கனின் ரப்பர் வால்மேல் தொகுனாகா.

பிள்ளைகளுக்கான அந்தத் தொலைக்காட்சித் தொடரில் வெள்ளிச் சிள்வண்டு வீரனின் உடுப்புக்கு உள்ளே இருந்தவர் தொகுனாகாதான். முகமூடி இல்லாத காட்சிகளில் வேறொரு அழகன் சிரிப்பான். முகமூடி போட்டபின் உதைப்பதும் உதை வாங்குவதும் இவர். டிசம்பரில் வீரனை வெடிவைத்துக் கொன்று தொடரை முடித்தார்கள். தோக்கியோப் பிள்ளைகள் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தன. புத்தாண்டு கழிந்ததும், விளம்பரம் தரும் பிஸ்கட் கம்பெனி இரண்டாம் பாகம் கேட்டது. செத்தவன் எப்படி வருவான், உள்ளே யார் இருப்பார், இரண்டையும் இன்றைய தபாலில் எழுதியனுப்ப வேண்டும்.

தொகுனாகாவுக்கு இரண்டாவதுதான் கேள்வி. வீரன் வேலை போனால் அரக்கன் வேலைதான். வாரத்துக்கு ஒரு சாவு. அதனால் சண்டைக் காட்சிக்கான பழைய உடுப்பை மாட்டிக்கொண்டே வந்திருந்தார்.

"இன்னும் அளவா இருக்கு சார், பாருங்க" என்று எழுந்து, இடுப்பு வளைய வணங்கினார்.

டர்ரென்று கழுத்திலிருந்து இடுப்புவரை கிழிந்தது. உள்ளே வெள்ளைப் பனியன், மூன்று வலிப் பிளாஸ்திரி. ஹயாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அண்ணே, அப்படியே நில்லுங்க" என்றார் குசாகா. மூன்று வாரமாகக் கதை வராமல் தவித்த மனிதர்.

"முதுகு குளிருதுய்யா."

"குளிரட்டும். வெடிச்சது வீரன் இல்ல சார், வெறும் மேலோடு. இவன் அதுக்கு முந்தியே முதுகப் பிளந்து வெளிய வந்துட்டான். சிள்வண்டுன்னா அப்படித்தானே?"

அன்சாய் தொடையில் தட்டினார். "சபாஷ். அப்ப வெளிய வர்றவன் புதுசா, பளபளன்னு, நெட்டையா வரணும். தம்பி, எந்திரி."

ஹயாமி எழுந்தான். விளக்கு மண்டையில் இடித்தது.

தொகுனாகா கிழிசலைக் கையால் மூடப் பார்த்தார். சொந்த முதுகே குழி பறித்துவிட்டது.

"ஒரு சந்தேகம் சார்." முரோய் அம்மா தலை நிமிரவில்லை. "ஓட்டுக்கு ஒரு காலு, வண்டுக்கு வேற காலா இருக்கும்?"

"என்னம்மா சொல்றீங்க?"

"கோடையில சிள்வண்டு ஓடு பொறுக்கிச் சட்டையில மாட்டிக்கிற பிள்ளைங்க, காலை எண்ணிப் பாக்கும். தொகுனாகா அண்ணன் காலுக்கு நடுவுல பூசணிக்காய உருட்டலாம். தம்பி காலு சாப்பிடுற குச்சி மாதிரி நேரா நிக்குது."

"நடையச் சொல்லிக் குடுத்துடலாம்."

"நாலாவது நோட்டு, பதினேழாவது வாரம். வீரனோட இடுப்பு விளக்கு இடம் மாறி வந்துச்சு. கடுதாசி நானூத்துப் பன்னெண்டு."

அன்சாயின் முகம் சுண்டியது. பிள்ளைகளின் கடிதத்துக்குத் தயாரிப்பாளர் தன் கைப்பட பதில் எழுத வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் சட்டம். அந்த வசந்தம் முழுக்க அவர் இடது கையால் சாப்பிட்டார்.

"விளக்குக்கே நானூறு" என்றார் தொகுனாகா மெதுவாக. "காலுக்கு..."

"வாய மூடுங்க. எழுதுங்கம்மா, உள்ளே இருப்பவர் தொகுனாகா."

"சார், நான்?" என்றான் ஹயாமி.

"அந்த வாலை மாட்டிப் பாரு தம்பி."

கடிதம் எழுதி, முத்திரை குத்தி, உறையை ஒட்டினார்கள். பசை காய்வதற்குள் தொகுனாகா அதைப் பறித்துக்கொண்டார். அன்சாயின் மனம் மாற அரை நிமிடம் போதும்.

"அண்ணே, முதுகு" என்று கத்தினார் குசாகா.

"ஓடுதானே" என்று சொல்லிக்கொண்டே அவர் தெருவில் இறங்கி ஓடினார்.

தபால்பெட்டி அருகே புத்தகப்பையோடு இரண்டு சிறுமிகள் நின்றிருந்தார்கள்.

"யாருடி இது? மூஞ்சி காய்கறிக்காரர் மாதிரி இருக்கு."

"மூஞ்சிய ஏன் பாக்குற? காலைப் பாரு. அவரேதான். சாகல."

உடுப்பின் தடித்த கையுறை பெட்டியின் வாயில் நுழையவில்லை. தொகுனாகா உறையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் குனிந்து, நெற்றியால் தள்ளினார். உள்ளே தொப்பென்று விழுந்தது.