நீல எச்சம்

குழாயடியில் கவிழ்த்து வைத்திருந்த மண்தட்டைத் நாற்றுக்காரன் தூக்கிப் பார்த்தான். நேற்று சாயங்காலம் அதனடியில் பத்து நீல மணிகள் வைத்திருந்தான். இப்போது ஒன்றுகூட இல்லை.

அது நத்தை மருந்து. கண்ணாடிக் கொட்டகையில் முட்டைக்கோசு நாற்று இலைவிட்ட நாளிலிருந்து ஓடில்லாத நத்தைகள் படையெடுத்துவிட்டன. பகலெல்லாம் ஈரமும் இருட்டுமான ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். வெயில் தாழ்ந்தால் மேய்ச்சலுக்குக் கிளம்பும். மற்றவர்கள் மருந்தை விதை போலத் தூவிவிடுவார்கள். இவன் தட்டைக் கவிழ்த்து, ஓரத்தில் ஒரு கல் முட்டுக் கொடுத்து, உள்ளே பத்து மணி வைப்பான். தட்டின் முதுகில் நீலச் சாக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. பிள்ளை கண்ணில் படாது என்று அவனே பெருமையடித்துக்கொண்ட ஏற்பாடு. மூடி வைத்ததைத் திறந்து பார்க்காத பிள்ளை எங்கேயாவது உண்டா என்று அப்போது உறைக்கவில்லை.

இன்று பள்ளி விடுமுறை. ஐந்து வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் சுண்டெலி, காலையிலிருந்து குழாயடியில்தான் தண்ணீரில் அளைந்துகொண்டிருந்தாள்.

"சுண்டெலி, இங்க வா. வாயைத் திற."

உதட்டில் நீலம். நாக்கு நுனியில் நீலம். அவள் கைகள் வெடவெடவென்று நடுங்கின. தண்ணீரில் அளைந்த குளிரா, மருந்தா?

"தட்டுக்கு அடியில இருந்ததைத் தின்னியா? சொல்லுடி!"

அவன் கத்தியதும் அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். திட்டு விழுந்தால் ஊமையாகிவிடும் பிள்ளை. இனி தலைகீழாக நின்றாலும் பதில் வராது.

நாற்றுகளுக்குத் தண்ணீர் விடுகிற அக்கா கையிலிருந்த குழாயைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"விசாரணை எல்லாம் அப்புறம் வச்சுக்க. பிள்ளையை என்கிட்ட குடு, வண்டி வாசல்லதான் நிக்குது. நீ மருந்துப் பையை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே வா."

"வாந்தி எடுக்க வைக்கவா அக்கா?"

"நீ ஒண்ணும் வைக்க வேணாம். வச்ச வரைக்கும் போதும்."

பையைத் தேடி ஓடியவனின் கால் தட்டை ஒட்டிக் கிடந்த ஈரச் சாக்கில் இடறியது. அடியில் ஐந்து நத்தைகள். கோழை கக்கி, நகர மாட்டாமல் கிடந்தன. கோழையின் நடுவே நூல் நூலாக எச்சம். நீல நிறத்தில்.

முன்பு ஒருநாள் ஓட்டையான இலையைக் காட்டி அக்கா சொன்னது நினைவு வந்தது. "பல்லு இல்லைன்னு நினைக்காத. நாக்கு பூரா அரம் மாதிரி ஆயிரக்கணக்குல பல்லு. ராவி ராவித் திங்கும். எந்த நிறத்துல தின்னுச்சோ அந்த நிறத்துலதான் போகும். இதுல ஆம்பளை பொம்பளை வேற கிடையாது, எல்லாமே முட்டை போடும். நமக்கு என்னைக்கு வேலை முடியும் சொல்லு?"

சாக்கை நத்தையோடு சுருட்டி வாளியில் போட்டுக்கொண்டு ஓடினான்.

ஆஸ்பத்திரி மேசையில் வாளியைக் கண்டதும் நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "இதுங்களுக்கும் சீட்டு எழுதணுமா?" என்றாள்.

டாக்டரம்மா மருந்துப் பையைப் படித்துவிட்டுச் சாக்கை இடுக்கியால் விரித்தாள். ராவிய மணிகள் மூன்று கோழையில் ஒட்டியிருந்தன. மொத்தம் பத்து வைத்ததாக அவன் சொன்னான்.

"மிச்சம் ஏழு?"

"நத்தை தின்னிருக்கும்மா. எச்சத்தைப் பாருங்க."

"தின்னிருக்கு, சரி. ஏழையும் அதுதான் தின்னுச்சுன்னு எச்சம் சொல்லுமா? சாயங்காலம் வரைக்கும் பொண்ணு இங்கதான் இருக்கணும்."

வெளி பெஞ்சில் உட்கார்ந்தான். காலடியில் வாளி. பெரிய நத்தையின் வலப்பக்கம், தலைக்குப் பின்னால் ஊசி நுழையுமளவு ஒரு துளை திறந்து மூடியது. அது மூச்சு விடுகிற வழி. துளை மூடும்போதெல்லாம் கதவுக் கண்ணாடி வழியே மகளின் மார்பைப் பார்த்தான். ஏறி இறங்கியது. மறுபடி வாளியைப் பார்த்தான். துளை திறக்க நேரமாகிக்கொண்டே வந்தது. கடைசியில் திறக்கவே இல்லை. தன் கையால் எடுத்து வைத்த மருந்து என்ன செய்யும் என்பதை அவன் அன்றுதான் முழுசாகப் பார்த்தான்.

வெயில் இறங்கும் நேரம் அக்கா கதவைத் திறந்து கூப்பிட்டாள். சுண்டெலி அவள் மடியில் இருந்தாள்.

"அப்பா கத்தலைன்னா சொல்றேன்."

"கத்தலடா. சத்தியமா."

"சாக்கட்டியை நக்கினா பளிச்சுன்னு எழுதும். நான் அதைத்தான் நக்கினேன். மணியைத் திங்கல. பொம்மைக்குக் கோக்கலாம்னு எடுத்து வச்சேன்."

பாவாடைப் பையை வெளியே இழுத்தாள். நீல மணிகள். நர்ஸ் கையுறை போட்டு வாங்கி எண்ணினாள். நான்கு.

நான்கும் மூன்றும் ஏழு. பத்தில் மிச்சம் மூன்று மணி அந்த ஐந்து நத்தைகளின் வயிற்றுக்குள்தான் போயிருக்க வேண்டும். வேறெங்கும் போயிருக்காது. அவன் விரலை மடக்கி இன்னொரு தடவை எண்ணினான்.

டாக்டரம்மா பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கண்ணையும் நாடியையும் திரும்பப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கா. நீங்க கிளம்பலாம்."

அக்கா எழுந்தாள். நாற்றுக்காரன் எழவில்லை. மகளை மடிக்கு மாற்றி, அவள் முதுகில் கை வைத்து, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறோம்மா" என்றான்.