மிஞ்சினால் விற்கலாம்

ஹார்லா ஊரின் குத்தகைத் தோட்டங்களில் கொடுப்பதற்கு எந்தத் தடையும் கிடையாது. ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஆளாளுக்கு வெறிபிடித்தது போலக் கொடுப்பார்கள். கோரினுக்குப் பக்கத்துத் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருக்கும் கீத், விளைந்து தள்ளிய சுக்கினிக் காய்களை மூட்டை கட்டிக்கொண்டு வட்டி வசூலிக்க வந்தவர் மாதிரி வீடு வீடாக நிற்பார். வேண்டாம் என்றால் முகம் சுருங்கும். வாங்கிக்கொண்டால் நன்றி சொல்ல வேண்டும். அடுத்த வாரம் எப்படி இருந்தது என்று கேட்பார், அதற்கு ஒரு பொய்யும் சொல்ல வேண்டும்.

விற்றால் மட்டும்தான் குற்றம்.

கோரின் ஹெஸ்லப் விற்றாள். முதியோர் இல்லத்தில் அவளுடைய வேலை நேரத்தைப் பாதியாக வெட்டிவிட்டார்கள். மின்சார மீட்டருக்கோ முன்கூட்டியே பணம் போட்டால்தான் விளக்கு எரியும். அதனால் தோட்டத்து வெளிக்கதவருகே ஒரு மடக்கு மேஜை போட்டாள். பீன்ஸ், பீட்ரூட், வெங்காயத்தாளுக்கு அண்ணன் மாதிரி தடித்த லீக் கட்டுக் கட்டாக, பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. வேண்டியதை எடு, காசைப் போடு, போ. நன்றி வேண்டாம், பொய்யும் வேண்டாம். ஊருக்கு அது பிடித்துப்போனது. தோட்டச் சங்கத்துக்குத்தான் பிடிக்கவில்லை.

சங்கம் என்றால் அதன் தலைவர் நார்மன் லெய்ட்லர். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல பென்ஷன், அதைவிட நல்ல சட்டை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவள் துண்டின் ஓரத்தில் வந்து நின்றார்.

"இந்தா பாரும்மா கோரின். சனிக்கிழமை கூட்டத்துல உன் துண்டைத் திரும்ப எடுத்துக்கறதா ஒரு தீர்மானம் வருது. முன்னாடியே சொல்லிடறது மரியாதை, அதான் வந்தேன்."

அந்தத் துண்டுக்காக அவள் காத்திருப்போர் வரிசையில் ஆறு வருடம் நின்றவள். கையில் இருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு பேசுவது நல்லதில்லை என்று பட்டது.

"மிஞ்சினதை விக்கலாம்னு உங்க விதியிலயே இருக்கே."

"மிஞ்சினதை. நீ மிஞ்சறதுக்குன்னே போடறே. உன் வீட்டுல எத்தனை வாய்?"

"ஒண்ணு. அதுவும் இப்போ உங்ககிட்டப் பேசியே தேயுது."

"ஒரு வாய்க்கு இவ்ளோ லீக்கா?"

"உங்க வீட்டுல ரெண்டு வாய். அந்தக் கம்பி வலைக்குள்ள நிக்கறதெல்லாம் என்ன, ஊறுகாய்க்கா?"

நார்மனின் முகம் தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது. மூன்று துண்டு தள்ளி, வலையும் பூட்டும் போட்ட மேட்டுப் பாத்தியில் அவருடைய பந்தய லீக்குகள் நின்றன. ஒவ்வொன்றும் குழந்தையின் தொடை தடிமன். பீர் ஊற்றி வளர்த்தவை. ஒன்றுபோல மூன்று பெரிய லீக் வைப்பவருக்குப் பரிசு தரும் செப்டம்பர் கண்காட்சிக்கு முன்னால் எவனாவது வந்து கத்தி போட்டுவிடுவான் என்று பயந்து, கொட்டகையிலேயே மடக்குக் கட்டில் போட்டிருந்தார்.

"அது வேற," என்றார், கோயிலைப் பற்றிப் பேசுகிற குரலில். "அது கண்காட்சிக்கு. இங்க யாரும் காசுக்காக மண்ணைத் தொடறதில்ல. மிஞ்சினா கொடுப்போம். அதுதான் இந்த இடத்தோட பண்பு."

பண்பாம். வயிறு நிறைந்தவன் கொடுத்தால் பண்பு, மீட்டருக்குக் காசில்லாதவள் விற்றால் வியாபாரம். கோரின் அன்றைக்கு அதை மண்ணிடம்தான் சொன்னாள். அதுவும் சபையில் சொல்லக்கூடிய வார்த்தைகளில் இல்லை.

மறுநாள் காலை மேஜைக்கு முதலில் வந்தது ஐரீன். நார்மனின் மனைவி. மழையே இல்லாத நாளில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு கட்டு லீக்கை எடுத்துக் கோட்டுக்குள் செருகினாள். மேஜைக்கடியில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த கோரின் நிமிர்ந்தாள்.

"திருடறீங்களா ஐரீன்?"

"காசு போட்டுட்டேன் கண்ணு, டப்பாவைப் பாரு." ஐரீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "எப்பவும் போடறேன். நீ மேஜை போட்ட நாள்லேருந்து வாராவாரம் வாங்கறேன்."

"உங்க வீட்டுக்காரர்தான் தூண் தூணா வளர்க்கறாரே."

"அதைத் தொட முடியுமா? ஒண்ணைக் கிள்ளினா என்னை விட்டுட்டுப் போயிடுவான். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல செப்டம்பர் வரைக்கும் அவன் வளர்த்த லீக் ஒண்ணுகூட எங்க வீட்டுல வெந்ததில்ல. கண்காட்சி முடிஞ்சப்புறம் வெட்டினா அது தண்ணியில ஊறின துணி மாதிரி இருக்கும். ஆனா துரைக்கு ஞாயித்துக்கிழமை லீக்கை மாவுல சுருட்டி அவிச்ச புட்டிங் இல்லாம இறங்காது."

"எங்கேருந்து வருதுன்னு கேக்கறதில்லையா?"

"தட்டுல வர்றதை ஆம்பளைங்க எப்பக் கேட்டிருக்காங்க?" ஐரீன் குரலைத் தாழ்த்தினாள். "அவன்கிட்டச் சொல்லிடாதே கண்ணு. ஊர் முன்னாடி மானம் போயிடும்."

கோரினுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் பெரிசாக வந்தது.

"நாளைக்கு என் துண்டைப் பிடுங்கறாங்க. தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்பது ஐரீனின் முகத்திலேயே இருந்தது.

"நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்றாள் கோரின். "ஆனா நீங்க வரணும். வந்து முன்வரிசையில உக்காந்து, அவர் பேசறதைக் கேக்கணும். அவ்ளோதான் கேக்கறேன்."

சனிக்கிழமை கூட்டம் தொழிலாளர் கிளப்பின் மாடியில். ஊரின் நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகு கூட்டம் போட மிச்சம் இருந்த ஒரே மாடி அது. கீழே எண் கூவி ஆடுகிற பிங்கோ நடந்துகொண்டிருந்தது. ஐரீன் வந்திருந்தாள், முன்வரிசையில், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. நார்மன் அதை ஆதரவு என்று எடுத்துக்கொண்டார். அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

விதியைப் படித்தார். பண்பைப் பற்றிப் பேசினார். கோரின் எழுந்தாள்.

"எல்லாரும் சாப்பிடறதுக்கு மேலதான் போடறீங்க. கீத் போடற சுக்கினியை ஒரு பட்டாளம் தின்னாலும் தீராது."

"ராத்திரியில தானா காய்க்குதும்மா, நான் என்ன பண்றது," என்றார் கீத்.

"நான் தப்பு சொல்லல கீத். உங்களுக்குக் கொடுக்க முடியுது, கொடுக்கறீங்க. எனக்கு முடியல, விக்கறேன். மண்ணு ஒண்ணுதான், முதுகுவலியும் ஒண்ணுதான். மீட்டருக்குள்ள சுக்கினியைப் போட்டா விளக்கு எரியாது."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நார்மன் சிரிக்கவில்லை.

"கஷ்டம் எல்லாருக்கும் இருக்கும்மா. ஆனா அந்த மேஜை இந்த இடத்துக்கே இழுக்கு. இந்தச் சங்கத்துல ஒரு குடும்பத்துக்காவது ரோட்டோரத்துல காசு போட்டுக் காய் வாங்கற தலையெழுத்து இருக்கா? இருந்தா சொல்லுங்க."

கோரின் ஐரீனைப் பார்த்தாள். சொல்வதற்கு வார்த்தை நாக்கின் நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொடுத்த வாக்கு இவ்வளவு கசக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"சரி, ஓட்டுக்குப் போவோம்," என்றார் நார்மன்.

ஒரு கை அதற்குள் மேலே போயிருந்தது. ஐரீனுடையது.

"ஓட்டு இன்னும் ஆரம்பிக்கல ஐரீன்."

"ஓட்டு இல்ல. நீ கேட்டதுக்குப் பதில்." எழுந்து நின்றாள். "நம்ம குடும்பத்துக்கு இருக்கு அந்தத் தலையெழுத்து. நான்தான் வாங்கறேன்."

"என்னத்தை?"

"லீக்கை. போன ஞாயித்துக்கிழமை மூணு தடவை போட்டுக்கிட்டியே புட்டிங். அது யார் லீக்குன்னு நினைச்சே? உன்னோடதா? அதைத்தான் தினமும் அளவு நாடாவோட போய்த் தடவிட்டு வர்றியே."

கீழே பிங்கோக்காரன் ஒரு எண்ணைக் கூவினான்.

"கடையிலன்னு நினைச்சேன்," என்றார் நார்மன்.

"சங்கத் தலைவன் வீட்டுல கடை லீக்கான்னு என்னை ஏசினது யாரு?" ஐரீனின் குரல் இப்போது நன்றாகத் திறந்துவிட்டது. "இந்தப் பொண்ணு மேஜையை எடுத்துடு. ரொம்ப சந்தோஷம். நாளையிலேருந்து நான் வீட்டு லீக்கையே வெட்டிக்கறேன். பூட்டுச் சாவி எங்க தொங்குதுன்னு எனக்குத் தெரியும்."

"கண்காட்சிக்கு ரெண்டு வாரம்தான் இருக்கு." நார்மனின் குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"பசிக்குக் கண்காட்சி தெரியாது."

நார்மன் மேஜையைப் பிடித்துக்கொண்டார். வலைக்குள் ஒன்றுபோல நிற்கிற அந்த மூன்று லீக்குகளும், அவற்றில் ஒன்று பலகைமேல் நறுக்கிக் கிடப்பதும் அவர் கண்ணில் ஓடியது கோரினுக்கே தெரிந்தது. பாவம் என்று நினைக்கப் பார்த்தாள், வரவில்லை.

"மிஞ்சினதுங்கற வார்த்தையை," என்று தொண்டையைச் செருமினார் நார்மன், "கொஞ்சம் தாராளமா எடுத்துக்கலாம்னு எனக்கும் ஒரு எண்ணம் இருந்தது. தீர்மானத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைப்போம்."

"அடுத்த வருஷமும் கண்காட்சி உண்டு," என்றாள் ஐரீன்.

"வாபஸ். வாபஸ்னு எழுதிக்குங்க."

முதலில் கை தட்டியவர் கீத். அவருக்கு எது முடிந்தாலும் சந்தோஷம்.

படியிறங்கும்போது கோரின் பின்னால்தான் வந்தாள். முன்னால் நார்மன் மனைவியின் முழங்கையைப் பிடித்து ஏதோ கேட்பது தெரிந்தது. தலைவர் குரல் போய் வெறும் புருஷன் குரலாக இருந்தது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. புட்டிங் உண்டுதானே?"

"வீட்டுல லீக் இல்ல," என்றாள் ஐரீன். "காலையில எழுந்து மேஜைக்குப் போ. சில்லறையா எடுத்துட்டுப் போ, அவ கிட்ட மீதி கொடுக்க இருக்காது."