பின்புறம்: காலி

நூலகத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் ரிப்பன். ரிப்பன் வெட்டி எதையாவது திறந்து வைக்காவிட்டால் மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. எல்லைக்கு அந்தப் பக்கத்து நூலகத்தோடு சேர்ந்து பழைய புகைப்படக் கண்காட்சி என்றதும் அவர் கால் தரையில் நிற்கவில்லை. “நம்மகிட்ட இருக்கிற நாலாயிரம் படத்துக்கும் ரெண்டு மாசத்துல பட்டியல் வேணும்” என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டுப் போனார். நூலகத்தில் பட்டியல் போடும் ஊழியர் என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

எப்படியோ போட்டுக் கொடுத்தாள். படங்களும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. திறப்பு விழாவுக்கு இன்னும் நாலு நாள். பக்கத்து அறையில் ரிப்பன் தன் பேச்சை உரக்கப் படித்துப் பழகிக்கொண்டிருந்தார். “எல்லைகளால் பிரிக்க முடியாத உறவுகள்” என்ற இடத்தில் மட்டும் குரல் தழுதழுத்தது. அந்த இடத்தையே ஆறு முறை பழகினார், ஆறு முறையும் தழுதழுத்தது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அப்படி ஓர் உறவு அவள் வீட்டிலேயே இருந்தது. எல்லையை மூடியபோது அம்மாவுக்கு இரண்டு வயது. பொத்தான் ஆலையில் வேலை பார்த்த பெரியம்மா அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, அங்கேயே செத்தும் போனாள். கூடப்பிறந்தவள் முகம் எப்படி இருக்கும் என்றே அம்மாவுக்குத் தெரியாது.

அன்று மதியம் அந்தப் பக்கத்துப் பட்டியலாளர் போனில் கூப்பிட்டார். பேச்சுவாக்கில் பெரியம்மாவைப் பற்றி அவரிடம் ஒருமுறை சொல்லி வைத்திருந்தாள்.

“மேடம், அந்தக் காலத்துல படம் எடுத்த ஸ்டுடியோக்காரரோட நோட்டு கிடைச்சிருக்கு. பொத்தான் ஆலைப் பொண்ணுங்க பதினோரு பேர் நிக்கிற படம் இருக்கே, அதுல உங்க பெரியம்மாவும் இருக்காங்க. யார் எங்க நிக்கிறாங்கன்னு படத்துக்குப் பின்னாடி பென்சில்ல எழுதியிருக்காராம்.”

அவள் எழுந்தே விட்டாள். “அப்போ திருப்பிப் பாருங்க சார்.”

“பலகையில ஒட்டியாச்சு மேடம். பின்னாடி எழுத்து இருந்தா ஒட்டக்கூடாதுன்னுதான் ஒப்பந்தம். உங்க பட்டியல்ல காலின்னு இருந்துச்சு. இப்போ ஒரு ஓரத்தைப் பிரிச்சுப் பாத்தோம், காகிதம் கூழா வருது.”

பட்டியலைத் திறந்தாள். ‘பின்புறம்’ என்ற கட்டத்தில், முதல் படத்துக்குக் ‘காலி’ என்று அடித்து, அதைச் சுட்டியால் பிடித்து நாலாயிரமாவது வரி வரைக்கும் ஒரே இழுப்பாக இழுத்து விட்டிருந்தது. இழுத்தது அவள்தான். ஒரு படத்தைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. ரிப்பனைத் திட்டப் பார்த்தாள், வாய் வரவில்லை. போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும் அந்தக் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

கணினியில் இருந்த முன்பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். பதினோரு பெண்களுக்கும் ஒரே சீருடை, ஒரே இறுக்கப் பின்னல். அம்மா பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பின்னால் எழுதியிருந்த பேர்கள் பலகையில் ஒட்டிப் போன கதையைக் கேட்டதும் கொதித்தாள்.

“எங்க அக்கா பேரை ஒட்டி மறைச்சவன் உருப்படுவானா?”

“ஒட்டினவங்க மேல தப்பில்லம்மா. பின்னாடி ஒண்ணும் இல்லன்னு எழுதினது நான். பாக்காமலே எழுதினேன்.”

அம்மா திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை. அம்மா பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்துவிட்டு, படத்தை அவள் பக்கமாக நகர்த்தினாள்.

“எனக்குத் தெரியல. இப்பவாவது நல்லாப் பாத்துச் சொல்லு. இதுல எங்க அக்கா யாரு?”