கூட்டல் குறி மறைய வேண்டும்

தாடையை இயந்திரத்தின் மேல் ஊன்றி, நெற்றியைப் பட்டையில் அழுத்தி, உள்ளே தெரிந்த பச்சைக் கூட்டல் குறியைத் தனப்பிரியா ஆடாமல் பார்த்தாள். சேலத்துக் கண் மருத்துவமனையில் இது அவளுக்கு இரண்டாவது முறை. விழித்திரையின் கூம்பு செல்களை ஒவ்வொன்றாகத் தெரியும்படி படம் பிடிக்கிற இயந்திரம் அது. போன வருடப் படத்தைப் பார்த்தபோது அவளுக்குத் தன் பண்ணையின் முட்டை அட்டைதான் ஞாபகம் வந்தது. ஓரமெல்லாம் செல்கள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. நடுவில் மட்டும் யாரோ அள்ளிக்கொண்டு போனதுபோல் குழி. பரம்பரையாக வருவது, இப்போதைக்கு மருந்து இல்லை, குழி பெரிதாகிறதா என்று வருடாவருடம் பார்ப்போம் என்றார் டாக்டர்.

பெரிதாகியிருந்தால் மோகனூர்ப் பக்கத்துக் கோழிப்பண்ணையைக் குத்தகைக்கு விட்டுவிடுவது என்று கணவன் வேலுமணி முடிவு செய்திருந்தான். முடிவு அவனுடையது, பண்ணை அவளுடையது. பொம்பளைக்கு எதற்கு இந்த நாற்றம் என்று மூக்கைப் பிடித்த சொந்தக்காரர்கள்தான் இப்போது விசேஷத்துக்கு முட்டை கேட்டு அவள் வாசலில் நிற்கிறார்கள். அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்கவா? நினைத்தாலே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

படம் எடுத்த இலக்கியா என்ற பெண் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். குழியைக் காணோம். அட்டை நிறைந்திருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த வேலுமணி எழுந்தே விட்டான். "நம்ம சாமி நாவலடியான் கைவிடல பாத்தியா தனம்! அடுத்த மாசமே கெடா வெட்டீரலாம்."

"இந்தக் குழி அதுவா மூடாதுங்களே..." என்று இலக்கியா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனப்பிரியாவுக்குப் புரிந்துவிட்டது. முட்டையில் கீறல் பார்க்கும்போது நேராகப் பார்த்தால், நடுவில் இருக்கிற குழியால் முட்டையே புகைக்குள் போனதுபோல் மறைந்துவிடும். அதனால் கண்ணைச் சற்று மேலே, இடப்பக்கம் ஒதுக்கிக்கொள்வாள். கீறல் பளிச்சென்று தெரியும். இந்த ஒரு வருடத்தில் அதுவே பழகி, இப்போது மனிதர்களையும் அப்படித்தான் பார்க்கிறாள். மூஞ்சியைப் பார்த்துப் பேசுவதில்லை, பணக்கார மிதப்பு என்று ஊரில் ஒரு பேச்சுகூட உண்டு. இங்கேயும் குறி நன்றாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் கண் தானாக ஒதுங்கிவிட்டது. இயந்திரம் குழியை விட்டுப் பக்கத்திலிருந்த நல்ல இடத்தைப் படம் பிடித்திருக்கிறது.

பேசாமல் இருந்தால் பண்ணை தப்பியது. ஒரு நிமிடம் அந்த ஆசை அவளுக்கு நன்றாகவே வந்தது. ஆனால் கீறல் முட்டையை நல்ல அட்டையில் அடுக்கி அனுப்பும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"இது நடு இல்ல சாமி," என்றாள் இலக்கியாவிடம். "முட்டை பாக்கற மாதிரி ஒதுக்கிப் பாத்துட்டேன்."

"நல்லா வந்ததப் போயி ஏன் தனம் கெடுக்கற?"

"ஏனுங்க, குழி எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தான கண்ண எவ்வளவு ஒதுக்கறதுன்னு எனக்குத் தெரியும்? பெருசாயிருந்தா இன்னுங் கொஞ்சம் ஒதுக்கிப் பாத்துக்கறேன். பண்ணை எங் கையிலதான் இருக்கும். அத இப்பவே சொல்லிப்போட்டேன்."

வேலுமணி உட்கார்ந்தான். இலக்கியா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டாள்.

"அப்பொ ஒண்ணு பண்ணுங்கக்கா. குறி தெரியற எடத்துல நிக்க வேண்டாம். அது மறையற எடத்துக்குக் கண்ணக் கொண்டு வாங்க. மறஞ்சதும் அப்பிடியே நிறுத்துங்க, குழி அங்கதான் இருக்கும்."

தனப்பிரியா மறுபடி தாடையை வைத்தாள். பச்சைக் குறி ஒழுங்காக நின்றது. இத்தனை காலம் எந்தப் புகையிலிருந்து விலகி விலகி ஓடினாளோ, அதற்குள்ளேயே கண்ணை மெல்ல இறக்கினாள். குறியின் ஒரு கை அழிந்தது. பிறகு மற்றவை. பச்சை முழுவதும் போய்விட்டது. கண் பழையபடி ஒதுங்கப் பார்த்தது, பிடித்து நிறுத்தினாள்.

"குறி தெரியுதுங்களாக்கா?"

"சுத்தமாத் தெரியல," என்றாள் உரக்க. "எடு சாமி."

செந்நிற வெளிச்சம் எரிந்தது. அவள் இமைக்கவில்லை.